இருபதில் ஒரு பங்கு

மார்ச் 2

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இந்தக் கடிதத்தை நான்கு முறை எழுதிக் கிழித்தேன். ஒவ்வொன்றிலும் உங்களைக் குறை சொல்லும் வரி ஒன்றாவது வந்து உட்கார்ந்துகொண்டது. இதில் இல்லையென்று நம்புகிறேன். இருந்தால் அதைத் தாண்டிப் படியுங்கள்.

பட்டறையை விட்டு நான் வந்து எட்டு மாதம் ஆகிறது. தம்பி வீட்டு மாடியறையில் இருக்கிறேன். கீழே கடிகாரக் கடை. ஐம்பது கடிகாரங்கள் ஒரே நேரத்தில் மணியடிக்கும். எது சரியான நேரம் என்று ஒருநாளும் தெரிந்ததில்லை.

நேற்று மகளிடமிருந்து கடிதம் வந்தது. நம் புது நீர்மூழ்கி, பெரிய குண்டன், தயாராகிவிட்டதாகவும், கடற்படைக் கமிட்டியின் முன் கடலில் மூழ்கிக் காட்டும் நாளில், படகை அமிழ்த்தக் கடல்நீர் விடும் தொட்டியின் வால்வுக்குப் பொறுப்பாக மாப்பிள்ளையே உள்ளே போகப் போவதாகவும் எழுதியிருந்தாள். பெருமையாகத்தான் எழுதியிருக்கிறாள். ஆனால் ஒரே செய்தியை மூன்று இடத்தில் எழுதியிருக்கிறாள். என் மகள் பயந்தால் அப்படித்தான் எழுதுவாள்.

உங்கள் மகனைப் பற்றி உங்களிடம் கவலைப்பட எனக்கு என்ன உரிமை என்று நீங்கள் கேட்கலாம். அவர் என் மாப்பிள்ளையும்கூட. அதோடு அந்த நீர்மூழ்கியின் எடைப் பட்டியல் நான் எழுதியது. ஒரு படகைத் தராசில் வைக்க முடியாது. அதன் ஒவ்வொரு தகட்டையும் ஆணியையும் காகிதத்தில் எடைபோட்டுக் கூட்டுவதையே இருபத்தாறு வருடம் வேலையாகச் செய்தேன். அந்தக் கூட்டுத்தொகையை வைத்துத்தான் அடியில் எவ்வளவு ஈயம் கட்டுவதென்று தலைமை மேஸ்திரியாகிய நீங்கள் முடிவு செய்கிறீர்கள். வேலையை விட்ட பிறகும், முதலாளி கேட்டுக்கொண்டதால், இந்தப் பட்டியலை இங்கிருந்தே எழுதி நவம்பரில் தபாலில் அனுப்பினேன். மொத்தம் நாற்பது டன்.

இரண்டே கேள்விகள். துறைமுகத்துக்குள் நிறுத்தி மூழ்கவைத்துப் பார்த்திருப்பீர்கள். அப்போது தொட்டி எவ்வளவு நிரம்பியது? ஆபத்தில் உள்ளிருந்தே அவிழ்த்துவிட நான் கேட்டு வைத்த ஒரு டன் ஈயம், அதன் திருகு, நல்ல நிலையில் இருக்கிறதா?

பதில் எழுத நேரமில்லையென்றால் மகளிடம் சொல்லி அனுப்பினாலும் போதும்.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தி


மார்ச் 6

சம்பந்திக்கு,

எட்டு மாதம் கழித்து வாய் திறக்கிறீர்கள், அதிலும் பாதி மன்னிப்பு, பாதி கேள்வி! வீட்டில் எல்லோரும் நலம். உங்கள் மகள் என்னைவிட நலம்.

கேட்டதற்குப் பதில். போன வாரம் துறைமுகத்துக்குள் குண்டனை இறக்கினோம். நான் மேல்மூடியில் நின்றேன். உள்ளே உங்கள் மாப்பிள்ளை வால்வைத் திறக்கிறான். நீங்கள் இருந்து பார்த்திருக்க வேண்டும். எருமை குளத்தில் இறங்குகிற மாதிரி ஒரு அசைவில்லாமல் இறங்கியது.

“அப்பா, இன்னும் தண்ணி விடவா?” என்கிறான்.

“போதும்டா, கழுத்து வரைக்கும் எறங்கியாச்சு. தொட்டியில எவ்வளவு போயிருக்கு?”

“மூணுல ரெண்டு பங்குதான்.”

“அப்ப மூணுல ஒரு பங்கு இனாம்!” என்றேன். கரையில் நின்றவர்கள் கைதட்டினார்கள்.

புரிகிறதா? ஆறு டன் பிடிக்கிற தொட்டியில் நாலே டன் தண்ணீரில் வேலை முடிந்தது. இரண்டு டன் இடம் மிச்சம். முன்னால் கட்டிய சின்னக் குண்டனுக்குத் தொட்டி முழுவதும் நிரப்ப வேண்டியிருந்தது. இது அதைவிடக் கெட்டிக்காரப் பிள்ளை.

திருகைப் பற்றி. கமிட்டிக்காரர்கள் உள்ளே வந்து பார்ப்பார்கள். “இது எதுக்கு மேஸ்திரி?” என்று கேட்டால் “படகு மேலே வரலைன்னா அவிழ்த்துவிடறதுக்குங்க” என்றா சொல்வது? மாப்பிள்ளை பார்க்க வருகிறவர்களிடம் வைத்தியர் சீட்டைக் காட்டுகிற மாதிரி இருக்கும். சுவரோடு சுவராகச் சாம்பல் வண்ணம் அடித்துவிட்டேன். இரண்டு பூச்சு.

பத்தொன்பதாம் தேதி வெள்ளோட்டம். நிம்மதியாக இருங்கள். உங்கள் இழவுப் புத்தகத்தை மட்டும் திறக்காதீர்கள்.

மேஸ்திரி


மார்ச் 9

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன். “மூன்றில் ஒரு பங்கு இனாம்” என்ற இடத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

இழவுப் புத்தகத்தையும் திறந்துவிட்டேன். இதுவரை கட்டப்பட்ட நீர்மூழ்கிகளைப் பற்றிப் பத்திரிகைகளில் வந்ததையெல்லாம் நான் அதில் எழுதி வைப்பது உங்களுக்குத் தெரியும். பக்கத்துக்கு ஒரு படகு. தோல் போர்த்தித் துடுப்பு வலித்தது, பீப்பாய் மாதிரி இருந்து ஒரே ஆள் கையால் திருகியது, எட்டுப் பேர் வரிசையாக உட்கார்ந்து சுழற்றியது. கடைசியாகச் சொன்னது மூன்று முறை மூழ்கி மூன்று முறையும் ஆட்களோடு போனது. ஒவ்வொரு முறையும் அதைத் தூக்கித் துடைத்து அடுத்த ஆட்களை ஏற்றினார்கள். இவற்றையெல்லாம் கட்டியவர்கள் தண்ணீர் உள்ளே கசியுமோ, காற்று தீர்ந்துபோகுமோ என்றுதான் பயந்தார்கள். உள்ளே தாங்களே விட்டுக்கொள்ளும் தண்ணீரைப் பற்றிப் பயந்தவர்கள் குறைவு.

முப்பத்தொன்றாம் பக்கத்தில் நீராவியில் ஓடிய படகு இருக்கிறது. பெரிய படகு, பேர்போன கம்பெனி. அதன் தொட்டிகள் முழுதாக நிரம்பாமல் இருந்தன. உள்ளே ஒரு ஆள் இரண்டடி முன்னால் நடந்தால் போதும், மூக்கு குனியும். குனிந்ததும் தொட்டித் தண்ணீர் முன்பக்கம் ஓடும். அந்தப் பாரத்தில் இன்னும் குனியும். ஒருமுறை டார்பிடோவை ஏவியதும் வால் கீழே போய்ப் படகு செங்குத்தாக நின்றதாம்.

ஒரு எண்ணெய் பாட்டிலை எடுங்கள். வாய்வரை நிரப்பி மூடி, படுக்கவைத்து, ஒரு முனையைச் சற்றே தாழ்த்துங்கள். உள்ளே எதுவும் ஓடாது. பிறகு மூன்றில் ஒரு பங்கைக் கொட்டிவிட்டு அதையே செய்து பாருங்கள். நம் தொட்டி இருபது அடி நீளம், நடுவில் தடுப்பே இல்லை. முழுதாக நிரம்பும் என்று நினைத்ததால்தான் தடுப்பு வேண்டாமென்று விட்டோம். துறைமுகத்தில் குண்டன் அசையாமல் நின்றது, அதனால் எதுவும் தெரியவில்லை. கடலில் ஓடிக்கொண்டே மூக்கைத் தாழ்த்தும்போது நாலு டன் தண்ணீரும் சேர்ந்து தாழும்.

எனக்குப் புரியாதது ஒன்றுதான். என் பட்டியல்படி தொட்டி முழுதாக நிரம்பினால்தான் படகு மூழ்க வேண்டும். எங்கோ இரண்டு டன் கூடியிருக்கிறது. நேற்றிலிருந்து பட்டியலை வரி வரியாகக் கூட்டுகிறேன். நாற்பதுதான் வருகிறது. தவறு என்னுடையதாகத்தான் இருக்கும், எப்போதும் அப்படித்தான் நினைத்துக்கொள்கிறேன். ஆனால் அது எங்கே என்று தெரியவில்லை. அடியில் எவ்வளவு ஈயம் கட்டினீர்கள்? தயவுசெய்து சரியான எண்ணைச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தி


மார்ச் 12

சம்பந்திக்கு,

இனிமேல் எழுதுவதென்றால் பட்டறை முகவரிக்கு எழுதுங்கள். போன கடிதத்தை உங்கள் மகள் பிரித்துப் படித்துவிட்டாள். இரண்டு நாளாக வீட்டில் பேச்சு இல்லை. தட்டை வைக்கிற சத்தம் மட்டும் கேட்கிறது. என் மகன் என்னிடம் வந்து, “அப்பா, மாமா சொல்றதுல ஏதாவது இருக்குமோ?” என்கிறான். வால்வில் கை வைக்கிறவன் கேட்கிற கேள்வியா இது? நீங்கள் அங்கே மாடியில் உட்கார்ந்து நடுங்கினால் இங்கே நாலு பேருக்குக் காய்ச்சல் வருகிறது.

ஈயம் எவ்வளவு என்று ஏதோ நான் திருடிவிட்ட மாதிரி கேட்கிறீர்கள். நீங்கள் எழுதியது நாற்பது டன். நான் முப்பத்தெட்டு என்று எடுத்துக்கொண்டு, அதற்கேற்ப இரண்டு டன் ஈயம் கூட்டிக் கட்டினேன். எப்போதும் அப்படித்தான்.

முழிக்க வேண்டாம். நீங்கள் ஒவ்வொரு எடையோடும் இருபதில் ஒரு பங்கு சேர்த்து எழுதுவீர்கள் என்று எனக்குத் தெரியாதா? நூறு ராத்தல் தகடு உங்கள் பட்டியலில் நூற்றைந்து ராத்தல் இருக்கும். முதல் வருடமே ஒரு தகட்டைத் தராசில் போட்டுப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டேன். மனிதர் பயந்தவர், கேட்டால் வருத்தப்படுவார் என்று வாயைத் திறக்கவில்லை. நீங்கள் சேர்ப்பீர்கள், நான் கழிப்பேன். சின்னக் குண்டன் அப்படித்தான் சரியாக வந்தது. உங்கள் பயமும் என் துணிச்சலும் சேர்ந்து மிதக்கவிட்ட படகு அது.

அன்று விருந்தில் அத்தனை பேர் முன்னால் “சம்பந்தி பட்டியல்ல பாதி இரும்பு, பாதி பயம்” என்று நான் சொன்னது இதைத்தான். சந்தோஷத்தில் சொன்னேன். நீங்கள் அதற்காக வேலையை விட்டு ஊரை விட்டுப் போவீர்கள் என்று யார் கண்டது? இந்த வயதில் கோபித்துக்கொண்டு போக ஒரு தம்பி வீடு இருந்தது, போய்விட்டீர்கள். எனக்கு அதுவும் இல்லை.

பத்தொன்பதாம் தேதி மாறாது.

மேஸ்திரி


தந்தி. மார்ச் 14

பட்டியலில் இம்முறை எதுவும் சேர்க்கவில்லை. இரண்டு டன் அதிகம். மூழ்க வேண்டாம். கடிதம் வருகிறது.


மார்ச் 14

சம்பந்தி அவர்களுக்கு,

தந்தி கிடைத்திருக்கும். எழுத்துக்கு எழுத்து அளந்து எழுதியதால் அதில் மரியாதை குறைந்திருக்கலாம்.

நீங்கள் சொன்னது உண்மை. இருபத்தாறு வருடமாக ஒவ்வொரு எடையிலும் இருபதில் ஒரு பங்கு சேர்த்து எழுதினேன். மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. தகடு எதிர்பார்த்ததைவிடத் தடிமனாக வந்துவிடுமோ, பொருத்துபவர் இரண்டு ஆணி கூட அடித்துவிடுவாரோ என்று அடிமனதில் ஒரு அரிப்பு. அது யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன். நீங்கள் முதல் வருடத்திலிருந்தே அறிந்து, சொல்லாமல், பின்னாலேயே சரிசெய்துகொண்டு வந்திருக்கிறீர்கள். இதை இந்த வயதில் தபாலில் தெரிந்துகொள்வது என்னவோபோல் இருக்கிறது.

விருந்தில் நீங்கள் அதைச் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளையும் சிரித்தார். மகள் சிரிக்கவில்லை, எழுந்து உள்ளே போனாள். நான் அங்கேயே முடிவு செய்தேன். அடுத்த பட்டியல் எழுதினால் அதில் பயம் ஒரு ராத்தல்கூட இருக்காது. பெரிய குண்டனின் பட்டியலை அப்படித்தான் எழுதினேன். வாழ்க்கையில் நான் துணிந்து எழுதிய ஒரே பட்டியல் அது. நாற்பது டன் என்றால் நாற்பது டன்.

அதிலிருந்துதான் நீங்கள் இரண்டைக் கழித்திருக்கிறீர்கள்.

செய்ய வேண்டியது: படகைக் கரையேற்றி அடியிலிருந்து இரண்டு டன் ஈயத்தைக் கழற்ற வேண்டும். அப்போது தொட்டி முழுதாக நிரம்பும், உள்ளே எதுவும் ஓடாது. அதற்கு நேரமில்லையென்றால் தொட்டிக்குள் குறுக்கே பலகைத் தடுப்பு, முடிந்தவரை நெருக்கமாக. காலி மண்ணெண்ணெய் டின்களை ஈயம் பூசி அடைத்துத் தொட்டியின் காலி இடத்தில் திணிக்கலாமா என்றும் யோசித்தேன். முப்பதடி ஆழத்தில் அவை ஒவ்வொன்றாக நசுங்கிவிடும். வேண்டாம். எதுவுமே முடியாவிட்டால் அந்தத் திருகின் மேலிருக்கும் வண்ணத்தையாவது சுரண்டுங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தந்தி கொடுத்த கையோடு ரயில் நிலையத்துக்குப் போனேன். டிக்கெட்டும் வாங்கினேன். பெஞ்சில் உட்கார்ந்து காகிதத்தை எடுத்து மறுபடியும் கூட்டினேன். ஒரு இடத்தில் ஏழா ஒன்றா என்று சந்தேகம் வந்தது. என் தவறாகவே இருந்து, வெள்ளோட்டத்தை நிறுத்தி, உங்களையும் முதலாளியையும் ஊர் முன்னால் தலைகுனிய வைத்துவிட்டால் என்ன செய்வேன் என்று தோன்றியது. அது ஏழுதான் என்று உறுதியானபோது ரயில் போய்விட்டிருந்தது. டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தேன். அடுத்த ரயிலுக்குக் காத்திருக்கலாம் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது என்று எழுத ஆசை. உண்மையில் அங்கேயே நினைவிருந்தது.

நீங்கள் அந்த இடத்தில் இருக்கிறீர்கள். நான் இல்லை.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தி


மார்ச் 18

சம்பந்திக்கு,

தந்தியும் கடிதமும் வந்தன.

பாட்டிலைப் படுக்கவைத்துப் பார்த்தேன். சமையலறை மேடையில். உங்கள் மகள் அடுப்பை அணைத்துவிட்டுப் பக்கத்தில் நின்று பார்த்தாள்.

முதலாளியிடம் போனேன். கரையேற்றி ஈயம் கழற்ற நாலு நாள் வேண்டும் என்றேன். “கமிட்டி நாலு நாள் உக்காந்திருக்குமா மேஸ்திரி? போட்டிப் பட்டறைக்காரன் படகு தயாரா நிக்குது. அன்னிக்குக் கைதட்டினப்ப சொல்லல, இப்ப சொல்றீங்க” என்றார்.

தொட்டி வாய் குறுகல், ஒரு ஆள் ஒருக்களித்துத்தான் நுழைய முடியும். நேற்றும் இன்றும் இரண்டு பலகைத் தடுப்புத்தான் வைக்க முடிந்தது. உள்ளே படுத்துக்கொண்டு நானே அடித்தேன்.

திருகின் வண்ணத்தைச் சுரண்டினேன். இழைக்குள்ளும் இறங்கியிருக்கிறது. பாதி சுற்றுகிறது, பிறகு நிற்கிறது. எண்ணெய் ஊற்றி வைத்திருக்கிறேன்.

நாளை முதல் பட்டறையிலிருந்து வெள்ளோட்டம் பற்றி யாரும் தந்தி கொடுக்கக் கூடாதென்று கடற்படை உத்தரவு. அதனால் தந்தி வரவில்லையென்றால் வேறு மாதிரி நினைக்க வேண்டாம்.

உங்கள் மகள் நலமாக இருக்கிறாள்.

மேஸ்திரி


மார்ச் 20

சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் கடிதம் இன்று காலையில் வந்தது. நேற்றே முடிந்துவிட்ட ஒன்றைப் பற்றி நாளை என்று எழுதியிருந்தீர்கள். அதில் ஒரு கேலிகூட இல்லை. உங்களை அறிந்த நாளிலிருந்து கேலி இல்லாத கடிதம் உங்களிடமிருந்து வந்ததில்லை. அதுதான் என்னைக் கலங்கடிக்கிறது.

தந்தி வராது என்று தெரிந்தும் ஜன்னலருகில் உட்கார்ந்திருக்கிறேன். தந்திக்காரர் இன்று இருமுறை இந்தத் தெருவில் போனார். இரண்டாவது முறை கடிகாரக் கடை வாசலில் நின்று காலணிக்குள் புகுந்த கல்லை உதறிவிட்டுப் போனார். அந்த நேரத்தில் நான் என்னென்ன நினைத்தேன் என்பதை எழுத மாட்டேன்.

தாங்கு கம்பிகள் ஆறு, கால் அங்குலக் கனம். மேல்மூடி வளையம், பித்தளை, நூற்றெண்பது ராத்தல். முன் துடுப்புத் தகடு இரண்டு. கண்ணை மூடினால் பட்டியல்தான் ஓடுகிறது. அதில் ஆட்கள் என்று ஒரு வரி உண்டு. ஐந்து பேர், தலைக்கு நூற்றைம்பது ராத்தல் என்று எழுதியிருந்தேன். மாப்பிள்ளை அதைவிடக் கொஞ்சம் இளைத்தவர் என்று அப்போதே தோன்றியது. சராசரியை மாற்ற வேண்டாமென்று விட்டுவிட்டேன்.

யார் எழுதினாலும் சரி, ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
சம்பந்தி


மார்ச் 22

சம்பந்திக்கு,

கையெழுத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நான் சொல்லச் சொல்ல உங்கள் மகள் எழுதுகிறாள். என் வலது கையில் பேட்டரி அமிலம் பட்டுக் கட்டுப் போட்டிருக்கிறது. தோள்பட்டை எலும்பும் விரிசல். மற்றபடி உயிரோடு இருக்கிறேன், எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். இதை முதல் வரியிலேயே எழுதச் சொல்லி உங்கள் மகள் சண்டை போட்டாள். ஐந்தாவது வரியில் வந்துவிட்டது.

(அப்பா, நாங்கள் எல்லோரும் நலம். அவரும் நலம். மாமா சொல்வதை அப்படியே எழுதுகிறேன்.)

பத்தொன்பதாம் தேதி காலையில் திருகு முடுக்கும் ரிஞ்ச் ஒன்றை எடுத்து வரச் சொல்லி மகனைப் பண்டகசாலைக்கு அனுப்பினேன். அவன் உள்ளே போனதும் கதவைச் சாத்திப் பூட்டினேன். “அப்பா, என்ன இது? கதவைத் தெறங்க!” என்று உள்ளிருந்து குத்துகிறான். “வேலை கத்துக்கறதுக்கு முன்னாடி அப்பன் பேச்சைக் கேக்கக் கத்துக்க” என்று சொல்லிவிட்டு வந்தேன். இன்றுவரை என்னோடு பேசவில்லை.

(அப்பா, சாவியை மாமா என்னிடம்தான் கொடுத்தார். கையில் வைத்துக்கொண்டே நின்றேன். உள்ளிருந்து என் கணவர் கதவைத் தட்டும் சத்தம் தெருவரை கேட்டது. திறக்கவில்லை.)

வால்வில் அவன் இடத்தில் நான் உட்கார்ந்தேன். சுக்கான்காரர் ஏறிட்டுப் பார்த்தார். “ஏன் மேஸ்திரி, பையனுக்கு என்ன?” “வயித்து வலி” என்றேன். “உங்க முகத்தைப் பாத்தா உங்களுக்குத்தான் வயித்து வலின்னு தோணுது” என்றார்.

துறைமுகத்தைத் தாண்டி மூழ்கினோம். பத்தடி, நன்றாக இருந்தது. பதினைந்தடியில் சுக்கான்காரர் மூக்கைத் தாழ்த்த முன் துடுப்பை ஒரு விரல் அளவு தாழ்த்தினார். தொட்டிக்குள் தண்ணீர் நகரும் சத்தம் கேட்டது. யாரோ பக்கத்து அறையில் ஒரு பீரோவை இழுக்கிற மாதிரி. முதல் பலகை தாங்கியது. இரண்டாவது முறிந்தது. மூக்கு போனது பாருங்கள், அதற்குப் பிறகு தரை எது சுவர் எது என்று இல்லை. எல்லோரும் ஒருவர் மேல் ஒருவர் முன்பக்கம் விழுந்தோம். பேட்டரிப் பெட்டி கவிழ்ந்து அமிலம் ஓடியது. மூக்கு அடிச் சேற்றில் குத்தி நின்றது. விளக்கு அணையவில்லை. அணைந்திருந்தால் தேவலை, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திருக்க வேண்டாம்.

திருகு என் தலைக்கு மேல் இருந்தது. பாதி சுற்று சுற்றி நின்றுவிட்டது. நான் அடித்த வண்ணம் சம்பந்தி, இரண்டு பூச்சு! அமிலத்தில் கை ஊன்றி எழுந்து, திருகைப் பிடித்துத் தொங்கினேன். மூன்று பேர் என் காலைப் பிடித்து இழுத்தார்கள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. திருகு அசைந்தது. ஒரு டன் ஈயம் கீழே விழுந்த சத்தத்தை நான் சாகிறவரை மறக்க மாட்டேன். அதற்குப் பிறகும் குண்டன் கொஞ்ச நேரம் அசையவில்லை. சேறு பிடித்துக்கொண்டிருந்தது. பிறகு விட்டது.

இப்போது சிரிக்காமல் கேளுங்கள். படகு பாதி உடம்பு வெளியே தெரிய, தண்ணீரைக் கிழித்துக்கொண்டு மேலே பாய்ந்தது. கமிட்டிக்காரர்கள் கப்பலில் உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுந்து கைதட்டினார்கள். அதுவும் காட்சியில் சேர்த்தி என்று நினைத்துவிட்டார்கள். “மேலெழும் வேகம் மெச்சத்தக்கது” என்று அறிக்கையில் எழுதி, இதே வரைபடப்படி, ஒரு மாற்றமும் இல்லாமல், மூன்று படகு கட்டச் சொன்னார்கள். முதலாளி என் நல்ல தோளைத் தட்டி, “பாத்தீங்களா மேஸ்திரி, பேசாம இருந்ததுதான் நல்லது” என்றார்.

ஒரு நாள் பேசாமல் இருந்தேன். மூன்று படகு என்றால் பதினைந்து பேர். அந்தப் பதினைந்து பேருக்கும் பண்டகசாலையில் பூட்டிவைக்க ஒரு அப்பன் இருக்க மாட்டான். நேற்று கமிட்டித் தலைவர் தங்கியிருந்த விடுதிக்குப் போய், “ஐயா, அது பாய்ச்சல் இல்ல, பொழச்சது. எடையில தப்பு. தப்பு என்னுது” என்று சொல்லிவிட்டேன். முதலாளி அங்கேயே இருந்தார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. தலைவர் என் கைக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, ஆறு வாரத்தில் சரியான எடைப் பட்டியலும் திருத்திய தொட்டியும் கொண்டுவாருங்கள், அதுவரை முடிவை நிறுத்தி வைக்கிறேன் என்றார். முடியாவிட்டால் வேலை போட்டிப் பட்டறைக்குப் போகும். இங்கே முந்நூறு பேரின் பிழைப்பு.

பட்டியல் எழுத ஆள் இல்லை. வரைபட அறையில் இருப்பவர்கள் எழுதியதைப் பார்த்தேன். அதில் பயமும் இல்லை, இரும்பும் இல்லை.

அன்று விருந்தில் நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. இதை எழுதும்போது உங்கள் மகள் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறாள். எழுதும்மா, எழுது.

மேஸ்திரி

(அப்பா, மாமா தூங்கப் போய்விட்டார். அவர் சொல்லாததை நான் சொல்கிறேன். உங்கள் தந்தியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் உள்ளே போயிருக்கிறார். அமிலம் பட்டு அது பாதி கரைந்திருக்கிறது. எடுத்து வைத்திருக்கிறேன்.)


மார்ச் 26

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைத் தம்பி குடும்பத்துக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். பலகை முறிந்த இடத்தில் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டேன். மீதியைத் தம்பி படித்தான்.

ஒரு திருத்தம் மட்டும். தப்பு உங்களுடையது என்று நீங்கள் கமிட்டியிடம் சொன்னது சரியல்ல. நான் சேர்ப்பதைச் சொல்லாமல் சேர்த்தேன், நிறுத்தியதையும் சொல்லாமல் நிறுத்தினேன். நீங்கள் கழித்ததைச் சொல்லாமல் கழித்தீர்கள். வாய் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும் விஷயத்தை இரண்டு பேரும் மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தோம். கமிட்டிக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். தப்பில் பாதியை என் பெயரில் சேர்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.

புதிய பட்டியலின் முதல் பிரதியை இத்துடன் இணைத்துள்ளேன். தொட்டி நான்கு அறைகளாகப் பிரிகிறது, இரும்புத் தடுப்பு. மூழ்கும்போது நான்கும் முழுதாக நிரம்பியாக வேண்டும். பாதி நிரம்பிய நிலையில் படகு ஓடக் கூடாதென்று வால்வின் பக்கத்தில் எழுதி ஒட்டச் சொல்லுங்கள். இரண்டாவது பிரதியை நானே கொண்டு வருகிறேன். தகடுகள் வந்து இறங்கும்போது ஒவ்வொன்றையும் தராசில் போட்டுப் பார்க்க வேண்டும். வியாழக்கிழமை ரயில். டிக்கெட் வாங்கியாகிவிட்டது. பெஞ்சில் உட்கார மாட்டேன், நின்றுகொண்டே இருப்பேன்.

மாப்பிள்ளையிடம் சொல்லுங்கள், அந்தக் கதவைப் பூட்டியதில் எனக்கும் பங்கு உண்டு. என்னோடும் பேசாமல் இருக்கட்டும். சேர்ந்து போய்ச் சமாதானம் செய்வோம்.

பட்டியலில் உள்ள எந்த எடையிலும் நான் எதையும் சேர்க்கவில்லை. நீங்களும் எதையும் கழிக்க வேண்டாம். இருபதில் ஒரு பங்கை மட்டும் என்னால் விட முடியவில்லை. அதை ஒளிக்காமல் கடைசிப் பக்கத்தில், கூட்டுத்தொகைக்கு மேலே, தனி வரியாக எழுதியிருக்கிறேன். அது இது:

பயம். இரண்டு டன், ஈயம். இடம்: நடுவில், அடிப்பக்கம். உள்ளிருந்து திருகினால் விழும். திருகின் மேல் வண்ணம் பூசக் கூடாது.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தி